இன்னாரை நாடு கடத்திய வெள்ளிக்கிழமைகள்

சவுதியில், ஜுபைல் கேம்ப்பில் என் பி.ஏ. வரலாற்றுப் பட்டத்துக்கு ஒரே ஒரு உபயோகம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் பிரியாணி தின்றுவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்துகிடக்கும் மூன்று பேருக்கு, ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழில் சொல்வது. மற்ற ஆறு நாளும் நான் கேம்ப் ஆபீஸ் டைப்பிஸ்ட். லீவ் லெட்டர், வார்னிங் லெட்டர், எக்ஸிட் லிஸ்ட் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். பிழையில்லாமல் அடிப்பேன். அதில் எனக்கு அப்போது ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைக்கு இதில் ஒரு பங்கு இருப்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

புத்தகம் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது கழித்துப்போட்டது. உடைந்த மேசை விளக்கு, ஒற்றைக் கால் ஷூ, இவற்றோடு ஒரு அட்டைப்பெட்டியில் ஸ்டோருக்கு வந்தது. இடைக்கால ஐரோப்பாவின் வரலாறு. விரித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஒரு வார்த்தையின் மேல் மட்டும் கறுப்பு மை பூசியிருந்தது. யார் பூசியது என்று தெரியாது. நாட்டுக்குள் வந்தபோது கஸ்டம்ஸில் எவராவது பூசியிருக்கலாம். வம்பு எதற்கு என்று அந்த இன்ஜினியரே ப்ளேனில் உட்கார்ந்து பூசிக்கொண்டு வந்திருக்கவும் கூடும். யாராயிருந்தாலும் அசாத்தியப் பொறுமைசாலி. அடித்த ராஜாவை விட்டுவிட்டார். கொளுத்திய கட்டையை விட்டுவிட்டார். ஆசீர்வாதம் செய்த பிஷப்பைக்கூட விட்டுவிட்டார். அடிபட்டவர்களின் பெயரை மட்டும் ஒரு இடம் விடாமல் எடுத்துவிட்டார்.

மைக்கு அடியில் இருந்தது யூதர் என்ற வார்த்தை. இரண்டாவது வாரமே தாளை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். பட்டம் வாங்கியவனுக்குப் பிடித்துப் பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் எங்கள் காலேஜில் ஐரோப்பா என்பது பரீட்சைக்கு வரக்கூடிய ஐந்து கேள்வி. அந்த ஐந்தில் இவர்கள் வரவில்லை. கண்டுபிடித்த பிறகும் ரூமில் நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஊரில் அதை வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. தெரியாததற்கெல்லாம் பயந்துவைப்பது என் சுபாவம். மை பூசியிருக்கிறது, யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, அந்த இடம் வரும்போதெல்லாம் ‘இன்னார்’ என்று போட்டு வாசித்தேன். ராஜா இன்னாரைக் கூப்பிட்டார். ராஜா இன்னாரை உதைத்தார். கதை தடையில்லாமல் ஓடியது.

கேட்பவர்கள் மூன்று பேர் என்றேன் அல்லவா. ஒருவர் விழுப்புரம் பக்கத்துக்காரர், சாரம் கட்டுகிறவர். இன்னொருவர் இலங்கை மலையகத்திலிருந்து வந்த பிளம்பர். மூன்றாமவர் யாழ்ப்பாணத்துக்காரர், எலெக்ட்ரீஷியன், எங்களில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணன். அந்த அட்டைப்பெட்டியில் வந்த உடைந்த விளக்கை ஒட்டி, வயர் மாற்றி, நான் வாசிப்பதற்கென்றே என் கட்டில் தலைமாட்டில் பொருத்திக் கொடுத்தவர் அவர்தான். அவர் ஜுபைலுக்கு வந்தபோது அவருக்கு ஊரில் ஒரு வீடு இருந்தது. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வீடு, நிலம் என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் மனைவியும் மகளும் படகேறி மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். அவர் ஒரு கேம்ப்பில், அவர்கள் ஒரு கேம்ப்பில். கடிதம் மட்டும் மாதம் இரண்டு வரும். தபால் பிரிப்பதும் நான்தான்.

முதல் வெள்ளிக்கிழமை அடையாளத் துணியைப் பற்றி வாசித்தேன். இன்னார் எல்லோரும் மேல்சட்டையில் மஞ்சள் துணியில் வட்டம் வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆட்களென்று நினைத்து யாராவது தவறிப்போய் மரியாதை கொடுத்துவிடுவார்கள் என்பது சட்டம். ரூமில் யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் சைட்டில் எந்த நாட்டுக்காரன் எந்தக் கலர் ஹெல்மெட் போடுகிறான் என்பதை வைத்துத்தான் அவனுக்கு எந்த மெஸ், எந்த பஸ், எந்தக் கக்கூஸ் என்று முடிவாகும். சாரம் கட்டுகிறவர், வட்டத்துக்குத் துணி கம்பெனியே கொடுத்ததா, சம்பளத்தில் பிடித்தானா என்று கேட்டார். சொந்தச் செலவில்தான் என்றேன். அதைக் கேட்டுத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

அடுத்த வாரம் வேவு பார்த்த கதை. ஸ்பெயின் தேசத்தில் இன்னாரைக் கூட்டம் கூட்டமாக வளைத்து, ஞானஸ்நானமா சாவா என்று கேட்டிருக்கிறார்கள். பலபேர் ஞானஸ்நானம் என்றார்கள். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. இவன் உள்ளுக்குள் பழைய ஆள்தான் என்று சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்க ஒரு விசாரணை மன்றம். கத்தோலிக்க ராஜாவும் ராணியும் பக்கபலம். வேவுக்காரர்கள் பார்க்க வேண்டிய குறிகள் இருந்தன: சனிக்கிழமை அடுப்புப் புகை வராத வீடு எது, சனிக்கிழமை குளித்து வெளுத்த சட்டை போடுகிறவன் யார், கொடுத்த கறியைத் தின்னாமல் ஒதுக்குகிறவன் யார்.

சாரம் கட்டுகிறவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். காரணம் உண்டு. அது புரட்டாசி மாதம். அவர் புரட்டாசிச் சனிக்கிழமை மட்டன் தொடமாட்டார். விடிவதற்கு முன்னால் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வெளுத்த சட்டையோடுதான் டியூட்டிக்குப் போவார். எண்ணெய்க் கையோடு சாரக் குழாயில் ஏறுகிறான் என்று சேஃப்டி ஆபீஸர் புகார் கொடுத்து, அவருக்கு ஒரு வார்னிங் லெட்டரும் போயிருந்தது. அடித்தது நான்.

“சனிக்கெழம தல முழுவி, கறி துன்னாம இருந்தா அவன் பெருமாள் கும்பிட்றவனாச்சே. அவனயா புடிச்சி கொளுத்துனாங்க?” என்றார்.

அவர் கண்ணில் அன்றைக்குப் பயம் இருந்தது. ஐரோப்பாவில் நாமக்காரர்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமைக்கு வேறு காரணம் சொல் என்றார். எனக்குக் காரணம் தெரியும். சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை மெஸ்ஸில் அவர் தட்டு நிறைய மட்டன் வாங்கிக்கொண்டு, சேஃப்டி ஆபீஸருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, ஒரு துண்டையும் வாயில் வைக்காமல் அரைமணி நேரம் எலும்பைப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சேஃப்டி ஆபீஸர் தன் தட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அந்த ஸ்பெயின் தேசத்து ஜனங்களும் தெருவில் தெரிகிற மாதிரி பன்றித் தொடையைத் தொங்கவிட்டிருந்தார்களாம். அதை வாசித்தபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மலையகத்து பிளம்பருக்கு வேறு எண்ணம். ராஜா ஒரு நாள் இன்னார் எல்லோரும் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டதை வாசித்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் வீட்டில் அப்பாவையும் மூத்தவர்களையும் இந்தியாக் கணக்கில் எழுதி, தலைமன்னாரில் கப்பலேற்றி, பார்த்தேயிராத தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் ஒரு தம்பியும் இலங்கைக் கணக்கில் நின்றுவிட்டார்கள். இரண்டு சர்க்கார் மேசையில் உட்கார்ந்து இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பங்கு போட்ட விவகாரம். அந்த நாட்டில் தேயிலை உண்டா என்று கேட்டார். திராட்சை என்றேன். ஏதோ ஒன்று, பறிக்கிறவனைத்தான் கப்பலேற்றுவான் என்று சொல்லி ஒரு பீடி பற்றவைத்தார்.

கிணற்று விவகாரம் வந்த வாரத்தை நான் மறக்க முடியாது. ஐரோப்பா முழுக்கக் கொள்ளைநோய். ஜனங்கள் சாகிறார்கள். இன்னார் கிணற்றில் விஷம் போட்டுவிட்டார்கள் என்று ஒரு புரளி. அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து அதே நோயில் இன்னாரும் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பது யாருக்கும் ஒரு பொருட்டாகப் படவில்லை. தெருத்தெருவாகக் கொளுத்தினார்கள். நான் இதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். தொண்டைகூடக் கொஞ்சம் கம்மியது.

“எங்க ஊர்லயும் அப்டிதான். நாங்க எறங்கனா ஊர்க்கெணறு கெட்டுப்பூடும்னுவாங்க. வெசம் போட வேணாம், எறங்கனாலே போதும்” என்று சாரம் கட்டுகிறவர் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

அவர் காலனிக்காரர். நான் ஊர்க்காரன். எங்கள் ஊர்க் கிணறு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதில் இறங்கித்தான் நீச்சல் பழகினேன். யார் அதில் இறங்கியதில்லை என்பதும் தெரியும். சட்டென்று இரண்டு பக்கம் தாவி, ஏதோ ஒரு ராஜாவின் கல்யாணத்தை வாசிக்க ஆரம்பித்தேன். வெட்கமாக இருந்தது. கல்யாணத்தைச் சற்று உரக்கவே வாசித்தேன்.

இத்தனை வாரமும் அண்ணன் மட்டும் இன்னார் யார் என்று ஊகம் சொன்னதே இல்லை. கைகளைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்பார். எப்போதாவது ஒரு கேள்வி. எத்தனை மாதத் தவணை கொடுத்தார்கள்? நாலு மாதம். என்ன கொண்டுபோக விட்டார்கள்? தங்கம், வெள்ளி தவிர மற்றது. வீட்டை யார் எடுத்தது? பக்கத்து வீட்டுக்காரன், கிடைத்த விலைக்கு. எங்கே போனார்கள்? பக்கத்து நாட்டுக்கு. அங்கே? முதலில் விட்டான், கொஞ்ச நாளில் அவனும் அதே ஞானஸ்நானத்தை நீட்டினான். அண்ணன் ஓம் என்பார். தெரிந்த ரூட்டில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி, அடுத்து எந்த ஸ்டாப் என்று மட்டும் சரிபார்த்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் எண்ணெய் விலை விழுந்தது. எண்ணெய் விலை விழுந்தால் ராஜாக்களுக்கு ஒன்றும் ஆகாது, சாரத்துக்கும் வயருக்கும்தான் ஆகும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் ஒரு காகிதத்தை என் மேசையில் போட்டார். பைனல் எக்ஸிட், அதாவது வேலையை முடித்து ஒரேயடியாக ஊருக்கு அனுப்புவது, பதினெட்டுப் பேர். பெயர், பாஸ்போர்ட் நம்பர், டிக்கெட் எந்த ஊருக்கு என்று மூன்று பத்தி கட்டி அடிக்க வேண்டும். ஏழாவது பெயர் அண்ணனுடையது.

சாயந்திரம் ரூமில் அவரிடம் சொன்னேன். அவர் அதிரவில்லை. விளக்கின் வயரில் ஏதோ சுற்றிக்கொண்டே சொன்னார்: “தம்பி, எனக்கு ஒரு உதவி. கொழும்பு எண்டு அடிக்காதை, மெட்ராஸ் எண்டு அடி. கொழும்பிலை இறங்கினா எயார்போட்டிலையே பிடிப்பினம். மெட்ராஸிலை இறங்கினா மண்டபத்துக்குப் போயிடுவன். பிள்ளையைப் பாத்து நாலு வருசம்.”

இதில் இருந்த விஷயம் இவ்வளவுதான். ஒரு பத்தியில் ஒரு வார்த்தை. கொழும்பு விமான நிலையத்தில் அப்போது யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளை ஒருவன் வெளிநாட்டிலிருந்து தனியாக வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்பது கேம்ப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் இறங்கிவிட்டவர்களை அந்த நாளில் திருப்பி அனுப்பவில்லை என்பதும் தெரியும். பார்க்கிறேன் அண்ணே என்றேன்.

பார்க்கத்தான் செய்தேன். மறுநாள் மேனேஜரிடம் போய், ஏழாவது ஆளுக்கு மெட்ராஸ் போட்டால் கம்பெனிக்கு எதுவும் சிக்கல் உண்டா என்று, ஏதோ எழுத்துப்பிழையைக் கேட்பது போலக் கேட்டேன்.

“பாஸ்போர்ட் ஸ்ரீலங்கா கா ஹை நா? தோ கொலம்போ. கலாஸ்” என்றார், தலை நிமிராமல். ஸ்ரீலங்கா பாஸ்போர்ட்டென்றால் கொழும்புதான், அதோடு முடிந்தது என்று அர்த்தம்.

எஸ் சார் என்றேன். இங்கே நான் ஒரு சங்கதியை மறைக்கக் கூடாது. அந்த மேனேஜர் கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படிப்பவரே இல்லை. எனக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்ட் இருபது டஜன் கையுறை என்பதற்குப் பதில் இருநூறு டஜன் என்று அடித்துவிட்டான். மேனேஜர் கையெழுத்துப் போட்டார், சப்ளையர் அனுப்பினான், ஸ்டோர் வாங்கிவைத்தது. மூன்று வருஷமாக எங்கள் கேம்ப்பில் சமையல்காரன் முதல் செக்யூரிட்டி வரை ஆளாளுக்குப் புதுக் கையுறை. இருநூறு டஜன் கையுறை வந்த ஆபீஸில் ஒரு மெட்ராஸ் டிக்கெட் வந்திருக்காதா? வந்திருக்கும். அது எனக்கு மெஷினில் தாளைச் செருகும்போதே தெரியும்.

இன்னொன்றும் தெரியும். பின்னால் எவனாவது கண்டுபிடித்தால் அடுத்த லிஸ்டில் என் பெயர் இருக்கும். என் ஊருக்கு நான் போவதில் எந்த ஆபத்தும் இல்லை. திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன். தங்கை கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அன்றைக்கு எனக்கு மலையாகத் தெரிந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களுக்காகத் தொண்டை கம்மியவன், ஏழாவது வரிசையில் கொழும்பு என்று அடித்தேன். பிழையே இல்லை. மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன், மறுத்துவிட்டார் என்று அண்ணனிடம் சொன்னேன். பொய் இல்லை. ஓம் என்றார். அந்த வெள்ளிக்கிழமையும் வாசிக்கச் சொன்னார். இன்னார் கப்பலேறுகிற அத்தியாயம் மிச்சம் இருந்தது. துறைமுகம் வரைக்கும் நடக்கிறார்கள், கிழவர்களைக் கழுதையில் ஏற்றுகிறார்கள், கப்பல்காரர்களில் சிலர் கூலியை வாங்கிக்கொண்டு நடுக்கடலில் இறக்கிவிடுகிறார்கள். சாரம் கட்டுகிறவர் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டார். நான் நிறுத்தட்டுமா என்று கேட்டதற்கு அண்ணன், முடியட்டும் என்றார்.

திங்கட்கிழமை காலை தஹ்ரான் ஏர்போர்ட்டுக்குப் போகிற பஸ் கேட்டில் நின்றது. பெயர் கூப்பிட்டு ஏற்றுவதும் டைப்பிஸ்ட் வேலைதான். கையில் லிஸ்ட்டோடு நின்று ஒவ்வொரு பெயராக டிக் போட்டேன். பிளம்பர் டியூட்டியை விட்டுவிட்டு வந்து அண்ணனுடைய பெட்டியைத் தூக்கி மேலே போட்டார். ஏழாவது பெயரைக் கூப்பிட்டேன். அண்ணன் படியில் ஒரு காலை வைத்தவர், திரும்பி என் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

“தம்பி, அந்தப் புத்தகத்திலை இந்த லிஸ்ட் எழுதினவன்ரை பேர் எங்கையும் இருக்கோ?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். எத்தனை மாதத் தவணை என்று கேட்ட அதே குரல். இல்லை அண்ணே என்றேன்.

“ஓம். இராது” என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அவருக்கு மண்டபத்திலிருந்து கடிதம் வருவது நிற்கவில்லை. எந்த ப்ளேன், எந்தத் தேதி என்று எழுதினால் மெட்ராஸுக்கு வருகிறோம் என்று முதல் கடிதத்தின் வெளிப்பக்கத்திலேயே பிள்ளைக் கையெழுத்தில் எழுதியிருந்தது. கம்பெனியை விட்டுப் போய்விட்டார் என்று இங்கிலீஷில் அடித்து ஒட்டித் திருப்பி அனுப்பினேன். தனியாக ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கலாம். என்னவென்று எழுதுவது? இரண்டாவது வந்தது. அதையும் திருப்பினேன். மூன்றாவதுக்குப் பிறகு வரவில்லை. வராமல் போவதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும். அவர் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது ஒன்று. எனக்கு வசதியான அந்த ஒன்றையே நான் வைத்துக்கொண்டேன். சாரம் கட்டுகிறவரும் பிளம்பரும் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வேறு ரூமில் சீட்டாடப் போய்விட்டார்கள். விளக்கு மட்டும் நான் கான்ட்ராக்ட் முடித்துக் கிளம்பும் வரை ஒருநாள்கூடக் கெடாமல் எரிந்தது.

நான் ஊர் திரும்பிப் பல வருஷம் கழித்து, திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே புத்தகத்தைப் பார்த்தேன். அதே அட்டை. மை இல்லாத பிரதி. பக்கத்துக்குப் பக்கம் யூதர், யூதர் என்று அச்சில் பளிச்சென்று இருந்தது. வாங்கிக்கொண்டு வந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். ராஜா இருந்தார், ராணி இருந்தார், பாதிரிமார் இருந்தார்கள், கட்டை அடுக்கியவன், கப்பல்காரன், வீட்டை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரன் எல்லோரும் இருந்தார்கள். தெருவுக்கு இத்தனை வீடு, வீட்டுக்கு இத்தனை தலை என்று யாரோ ஒருவன் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதித்தான் இருக்க வேண்டும். அவனைத் தேடினேன். ஒரு வரியில்கூட அவன் இல்லை. அவன் மேல் யாரும் மை பூச வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.